மார்கழியில் வன்னிக்குப் போகிறவர்களுக்கு

கார்த்திகை, மார்கழியில் உறவுகளைப் பார்க்க வன்னிக்குப் போங்கள், கோயிலுக்குப் போங்கள். காணி அலுவலை மட்டும் அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சுவிஸில் வானிலை அறிவிப்பை நம்பியே வாழப் பழகிவிட்டோம். பள்ளத்தாக்கில் கனமழை, மலைகளில் பனி, அல்ப்ஸைத் தாண்டி இறங்கும் காற்றால் பருவம் தப்பிய வெப்பம் என்று மூன்றையும் ஒரே கிழமைக்குச் சொல்வார்கள். வன்னியில் கைத்தொலைபேசி காட்டும் மழைப்படம் பாதிக் கதைதான். கிளிநொச்சியில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரும். தெற்கே வவுனியாப் பக்கம் பெய்யும் மழையைக் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்குக் கொண்டுவருகிறது. குளம் நிறைந்து வான்கதவுகளைத் திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டைப் பக்கம் தண்ணீரில் நிற்கும். 2018 மார்கழி வெள்ளத்தை அங்குள்ளவர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஆகவே வெளிக்கிடுமுன் குளத்தின் மட்டத்தைக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதற்கும் மேலாக, வீட்டிலுள்ளவர்களைக் கேளுங்கள்.

"தம்பி, வவுனியாப் பக்கம் விடிய விடிய மின்னியது, இன்றைக்குப் போகவேண்டாம்" என்று சித்தப்பா சொன்னார். எனக்கோ திரும்பும் டிக்கெட் நெருங்கிவிட்டது. அப்பாவின் பெயரில் அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்த காணியைச் சித்தப்பாவுக்கு மாற்ற, மூத்த மகனான நான் நேரில் ஒப்பமிட வேண்டும். அவரும் என்னோடு வந்தார். பத்திரங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி, சேட்டுக்குள் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் சாரத்தை மடித்துக் கட்டி நடந்தார். வழியெல்லாம் அவர் பார்த்தது வயலைத்தான். காலபோக நெல்லின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

பிரதேச செயலகக் கந்தோரில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழின் அசலைக் கேட்டார்கள். 2009இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களிடம் அசல் கேட்கிறார்கள்! போட்டோப் பிரதி செல்லாது, பொறுப்பான உத்தியோகத்தர் களத்துக்குப் போய்விட்டார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாளும் அதே பதில். மூன்றாம் முறை மேசையில் ஆளே இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது, இப்போதும் ஆறவில்லை. ஆனால் பக்கத்து வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண், உலர் உணவுக்குப் பெயர் பதிய நின்றிருந்தார். காணிக் கோப்பும் வெள்ள நிவாரணமும் அதே பிரதேச செயலகத்தின், அதே கிராம அலுவலரின் கையில்தான் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் கோப்பு நகராது, நகரவும் கூடாது. அசல் கேட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகளை, நீங்கள் விமானம் ஏறுமுன்னரே உறவினர் மூலம் எடுப்பித்து வையுங்கள். என்னென்ன பத்திரம் வேண்டும் என்பதைக் கந்தோரிலிருந்து எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகளின் ஆடி, ஆவணி விடுமுறையில் போங்கள். சோளகக் காற்றில் புழுதி பறக்கும், வெயில் சுடும், ஆனாலும் வீதி, வீதியாகவே இருக்கும், உத்தியோகத்தரும் மேசையில் இருப்பார். வயதானவர்களைத் தண்ணீருக்குள் அழைத்துப் போகாதீர்கள். நாங்கள் இங்கே வந்துவிட்டோம். அந்தக் காணியில் வரம்பு கட்டி, விதைத்து, இத்தனை மாரியையும் கண்டவர்கள் அவர்கள்தான்.

என் ஒப்பத்தை ஒருவாறு வாங்கிக்கொண்டார்கள். மாற்றம் இன்னும் நடக்கவில்லை. சித்தப்பா தை பிறந்ததும் மறுபடி போய்க் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.