நம் ஊர் வெயிலில் ஃபொக்காச்சியா: காய்கறி, ரோஸ்மேரி வைத்துச் சுடும் முறை

ஃபொக்காச்சியா இத்தாலியின் ஜெனோவாப் பக்கத்து ரொட்டி. அடித்துப் பிசைய வேண்டியதில்லை என்பதால் ரொட்டி சுடப் பழகுகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் குளிர்தேசத்துக் குறிப்பில் உள்ள நேரத்தை ஈரோட்டிலோ திருப்பூரிலோ சித்திரை மாதத்தில் அப்படியே பின்பற்றினால் மாவு புளித்து அமுங்கிவிடும்.

9 அங்குலச் சதுரத் தட்டுக்கு: மைதா 300 கிராம், ஃப்ரிட்ஜ் தண்ணீர் 220 மில்லி, உப்பு 6 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரை டீஸ்பூன், ஆலிவ் எண்ணெய் 4 டேபிள்ஸ்பூன். தராசு வாங்கிவிடுங்க. கப்பில் மைதாவை அமுக்கி அள்ளினாலே அளவு தப்பிவிடும். செக்குக் கடலை எண்ணெய் வேண்டாம், அதன் வாசம் ரோஸ்மேரி என்ற வாசனை இலையின் மணத்தை அடக்கிவிடும். ஆலிவ் இல்லையென்றால் சூரியகாந்தி எண்ணெய் போதும்.

1. எல்லாவற்றையும் 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயோடு கரண்டியால் கலந்து மூடி வையுங்க. கையில் ஒட்டும், கூட மைதா தூவக் கூடாது. தூவினால் ரொட்டி கெட்டியாகிவிடும்.

2. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, ஈரக் கையால் நான்கு பக்கமும் இழுத்து நடுவில் மடியுங்க. மூன்று முறை போதும்.

3. மாவு சொதப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மூன்றாவது மடிப்பு முடிந்ததும் மூடி ஃப்ரிட்ஜில் 12 முதல் 18 மணி நேரம் வையுங்க. மறுநாள் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்க. தட்டு முழுக்கப் பரவி, ஆட்டினால் தளதளவென்று ஆட வேண்டும். வெயில் காலத்தில் ஒன்றேகால் மணி நேரத்திலேயே இது வரலாம். மார்கழியில் இரண்டரை மணியும் ஆகும். விரலால் அழுத்திய குழி மெதுவாக மேலே வந்தால் பதம். குழி அப்படியே நின்று, சாராய வாடை அடித்தால் தாண்டிவிட்டது. மேலே எதுவும் வைக்காமல் உடனே சுட்டுவிடுங்க, மெத்தென்று வராவிட்டாலும் சாப்பிடலாம்.

4. இதற்குள் காய்கறியைத் தயார் செய்யுங்க. தக்காளியின் விதைச்சாற்றை வழித்து, வில்லையாக்கி, உப்புப் பிசிறி 20 நிமிடம் வடிகட்டியில் வைத்து, துணியில் ஒற்றுங்க. இதை விட்டால் தக்காளியின் அடியில் மாவு வேகாமல் பிசுபிசுவென்று நிற்கும். சின்ன வெங்காயத்தைப் பாதியாக நறுக்கினால் போதும். பொடியாக நறுக்கினால் கருகும். குடைமிளகாய் மெல்லிய கீற்று. பூண்டை எண்ணெயில் ஊற வைத்துத் தூவுங்க. ஊட்டி ரோஸ்மேரி இங்கே எளிதாகக் கிடைக்கிறது. இலையை எண்ணெயில் புரட்டி மாவுக்குள் அழுத்துங்க. காரமடைக் கறிவேப்பிலையும் நன்றாகப் பொருந்தும், ஆனால் சுடும்போது கடைசி 5 நிமிடத்தில்தான்.

5. ஓவனை 220 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்குங்க. விரலில் எண்ணெய் தொட்டு, தட்டின் அடி தொடும்வரை குழி போட்டு, காய்கறியைப் பதித்து, மீதி எண்ணெயை ஊற்றி, கல்லுப்பைப் பொடித்துத் தூவுங்க. காய்கறியை இடைவெளி விட்டு வையுங்க. நெருக்கினால் மாவு எழாது.

6. ஓவனின் மேல், கீழ் இரண்டு ராடும் (சூடேற்றும் கம்பி) போட்டு, கீழ் அடுக்கில் 22 முதல் 25 நிமிடம் சுடுங்க. கண்ணாடித் தட்டில் அடி சரியாகச் சிவக்காமல் போகலாம். அலுமினியமோ இரும்போ பாருங்க. மேல் சிவந்து அடி வெளுத்திருந்தால், கீழ் ராடு மட்டும் 4 நிமிடம்.

வெந்ததும் உடனே கம்பி வலைக்கு மாற்றுங்க, தட்டிலேயே விட்டால் அடி வியர்த்து நமத்துவிடும். மறுநாளைக்கு மீந்தால் தோசைக்கல்லில் சிறுதீயில், மூடி போடாமல், அடிப்பக்கம் மட்டும் சூடாக்குங்க.