முதல் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க இளம் எழுத்தாளர்களை வாசிக்கத் தொடங்குவது எப்படி?

முதல் உலகப் போர் முடிந்த கையோடு எழுத வந்த அமெரிக்க இளைஞர்கள் என்றதும் பலருக்கும் பாரிஸ் நகரத்து மதுக்கடைகளும் இரவு விருந்துகளுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. அந்த வழியாக உள்ளே நுழைபவர்கள் கேளிக்கையை மட்டுமே கண்டு திரும்பிவிடக்கூடும். இந்த எழுத்தாளர்களின் கோபம் எதன்மீது என்பதைத் தெரிந்துகொண்டு வாசித்தால்தான் அந்நூல்களின் வலிமை புலப்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே நூல்களுக்குள் செல்லும் முன் வரலாற்றைச் சற்றே பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர் என்ற முழக்கத்தோடு 1916 தேர்தலில் மீண்டும் வென்ற அதிபர் உட்ரோ வில்சன், 1917 ஏப்ரலில் அதே நாட்டைப் போரில் இறக்கினார். ஜார்ஜ் கிரீல் தலைமையிலான அரசுப் பிரச்சாரக் குழு, சுவரொட்டி, திரைப்படம், மேடைப்பேச்சு என எல்லா வழிகளிலும் போரைப் புனிதக் கடமையாகக் காட்டியது. போரை எதிர்த்துப் பேசிய சோஷலிசத் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,16,000 அமெரிக்கர்கள் மாண்டனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் களத்தில் வீழ்ந்தவர்கள் அல்லர், பெரும்பாலும் நோய்க்கு இரையானவர்கள். மேடையில் கேட்டதற்கும் களத்தில் கண்டதற்கும் இருந்த இந்த இடைவெளிதான் அந்தத் தலைமுறையின் எழுத்துக்கு மூலம்.

முதலில் வாசிக்க வேண்டியது ஹெமிங்வேயின் 'சோல்ஜர்ஸ் ஹோம்' என்ற சிறுகதை. 1925இல் வந்த 'இன் அவர் டைம்' தொகுப்பில் இருக்கிறது. 'கிழவனும் கடலும்' வழியாக மட்டுமே அவரை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இது வேறொரு ஹெமிங்வேயைக் காட்டும். வரவேற்புக் கொண்டாட்டங்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு ஓக்லஹோமாவிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்புகிறான் போர்வீரன் கிரெப்ஸ். போர்க்கொடுமைக் கதைகளைக் கேட்டுச் சலித்துப்போன ஊராரைக் கேட்க வைக்க அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன பொய்யினாலேயே தான் உண்மையில் அனுபவித்தவற்றின்மீதும் அவனுக்கு அருவருப்பு உண்டாகிறது. காலை உணவு மேசையில் தாய் அவனுக்காகப் பிரார்த்திப்பதைப் பற்றிப் பேசும்போது, அவன் தன் தட்டில் உறைந்துகொண்டிருக்கும் பன்றிக்கொழுப்பைப் பார்க்கிறான். அந்த ஒரு வரியில் நின்று நிதானியுங்கள். அவன் மனநிலையைப் பற்றி ஆசிரியர் அங்கே ஒரு சொல்லும் கூறவில்லை. கூறாமல் விட்டதை வாசகர்தான் உணர வேண்டும்.

அடுத்து, 1929இல் வெளிவந்த ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் 27ஆம் அத்தியாயத்தைத் தனியே எடுத்துப் படியுங்கள். புகழ், மானம், வீரம் போன்ற சொற்கள் ஊர்ப்பெயர்களுக்கும் சாலை எண்களுக்கும் பக்கத்தில் ஆபாசமாகத் தோன்றின என்கிறான் கதைசொல்லி. செஞ்சிலுவைச் சங்கப் பணியில் இத்தாலிக்குச் சென்று, 1918 ஜூலையில், பத்தொன்பது வயது நிறைவதற்குச் சில நாட்களுக்கு முன் குண்டுவீச்சில் காயமுற்ற ஒருவர் எழுதிய வரி இது. இங்கிருந்து பின்னோக்கிப் பார்த்தால், அவருடைய வாக்கியங்கள் ஏன் அத்தனை வறட்சியாக இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

கவிஞர் இ. இ. கம்மிங்ஸ் இதையே கேலியாகச் செய்தார். ஆம்புலன்ஸ் பணிக்காகப் பிரான்ஸ் சென்ற அவர், நண்பரின் கடிதங்கள் தணிக்கையாளர்களுக்கு ஐயத்தை எழுப்பியதால் 1917இல் அவரோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டு, மூன்று மாதங்களுக்கு மேல் அடைத்துவைக்கப்பட்டார். கடவுளையும் அமெரிக்காவையும் அடுத்தடுத்து அழைத்துத் தொடங்கும் அவருடைய 1926ஆம் ஆண்டுக் கவிதையை வாய்விட்டு, நிறுத்தாமல் படிப்பதே சரியான முறை; தேசபக்திப் பாடல்களின் துண்டுகள் ஒன்றன்மீது ஒன்று இடறி விழுவது காதில் கேட்கும்.

ஜான் டாஸ் பாசோஸின் 'த்ரீ சோல்ஜர்ஸ்' (1921) நாவலுக்குச் சற்றுப் பொறுமை தேவை. நடுப்பகுதி இழுக்கத்தான் செய்கிறது. அச்சு வார்ப்பது, உலோகம் குளிர்வது, இயந்திரங்கள், துரு என்று செல்லும் பகுதித் தலைப்புகளை முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டால், இராணுவம் மனிதனை எப்படி உருக்கி அச்சில் ஊற்றுகிறது என்ற இழை கைவிட்டுப் போகாது.

இந்த வரிசையிலுள்ள எல்லாரும் வெள்ளை ஆண்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கறுப்பின வீரர்கள் திரும்பிய 1919ஆம் ஆண்டின் கோடையில் பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கிக் கொல்லப்பட்டார்கள். ஜமைக்காவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கிளாட் மெக்கே 'இஃப் வீ மஸ்ட் டை' கவிதையை அந்த ஜூலையில் வெளியிட்டார். ஹெமிங்வேயின் மௌனத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படியுங்கள். பெருமைச் சொற்களை அங்கே ஒருவர் ஒதுக்க, இங்கே மற்றொருவர் மாண்போடு மடிவோம் என்று அவற்றையே தம் மக்களுக்காக உரிமை கோருகிறார்.

டாஸ் பாசோஸின் '1919' நாவலை (1932) கடைசியாக வைத்துக்கொள்ளலாம். நேரம் குறைவாக உள்ளவர்கள் அதன் இறுதிப் பகுதியை மட்டுமாவது படிக்க வேண்டும். ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் 1921இல் அடக்கம் செய்யப்பட்ட பெயர் தெரியாத வீரனைப் பற்றிய அப்பகுதியில் அதிபரின் உரையும் சவக்கிடங்கின் காட்சியும் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. முன்சொன்ன நூல்களைப் படித்துவிட்டு வருபவர்கள், அதில் எது மேடைக் குரல், எது ஆசிரியரின் குரல் என்பதைத் தாமே பிரித்தறிந்துகொள்வார்கள்.