ஏற்காடு புல்வெளியில் கிட்டார் ஊளையிட்டது: சரிசெய்த விதம்

ஒரு குரல், ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், பேட்டரியில் ஓடும் 8 அங்குல ஸ்பீக்கர், எதிரே நாற்பது பேர். வால்யூமை ஏற்றியதும் கிட்டார் 'ஊம்ம்' என்று ஊளையிட்டது. குறைத்தால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

வாட்ஸ் குறைவு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது இல்லை. ஸ்பீக்கர் பாடகருக்குப் பின்னால், தரையில் இருந்தது. அதன் ஒலி கிட்டார் வயிற்றுக்குள் புகுந்து, 100 ஹெர்ட்ஸை ஒட்டிய அதன் இயல்பான அதிர்வைக் கிளப்பி, பிக்கப் (கிட்டார் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கருவி) வழியே மறுபடி ஸ்பீக்கருக்கே போனது.

ஸ்பீக்கரை ஸ்டாண்டில் தலைக்கு மேல் உயர்த்தி, மைக்குக்கு 2 மீட்டர் முன்னால், கூட்டத்தைப் பார்த்து வைத்தேன். கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே முக்கியமாக எடுக்கும்) மைக்கின் வால்பக்கம் ஸ்பீக்கரை நோக்கட்டும். அந்தப் பக்க ஒலியை அது மிகக் குறைவாகவே எடுக்கும். கிட்டார் துளைக்கு ரப்பர் மூடி போட்டேன். லோ-கட்டை (கீழ் ஒலிகளை வெட்டும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். மிச்சமிருந்த முனகல் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனை அழுத்தியதும் நின்றது.

மலைக்காற்றுக்கு மைக்கில் பஞ்சுறை கட்டாயம்.

வாங்கும்போது பேட்டரி நேரத்தோடு, ஹை-இசட் இன்புட் (மின்மறுப்பு அதிகமுள்ள உள்ளீடு, 1 மெகாஓம் அளவு) உண்டா என்று பாருங்கள். ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) இல்லாத பியசோ பிக்கப்பை (அழுத்தத்தை மின்சமிக்ஞையாக்கும் வகை) சாதாரண லைன் இன்புட்டில் செருகினால் கனமான கீழ் ஒலி செத்து, தகரத்தைத் தட்டியது போலக் கேட்கும்.