வயித்து டயாலிசிஸ் பண்றவங்க, பையைக் கொட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வீட்லயே சிஏபிடி (வயித்துக்குள்ள திரவம் விட்டு, அப்புறம் பையில வடிச்சு எடுக்கிற டயாலிசிஸ்) பண்றவங்க, வடிஞ்ச தண்ணிப் பையை அப்படியே கொட்டிடாம ஒரு பேப்பர் மேல வச்சுப் பாருங்க, எழுத்து தெளிவா படிக்க முடிஞ்சா ஓகே, அரிசி கழுவுன தண்ணி மாதிரி கலங்கலா இருந்தா வயித்துக்குள்ள இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், அதான் பெரிட்டோனைட்டிஸ், வலி காய்ச்சல் இல்லைன்னாலும் உடனே உங்க டயாலிசிஸ் யூனிட்டுக்கு போன் போட்டுட்டு கிளம்புங்க. அந்தப் பையையும் கையோட எடுத்துட்டுப் போங்க, செல் கவுண்ட் (வெள்ளை அணு எண்ணிக்கை), கல்ச்சர் (எந்தக் கிருமின்னு பார்க்கிற டெஸ்ட்) எல்லாம் அதுலதான் பார்ப்பாங்க. ஃபேன் ஓடுறப்பவே பை மாத்துறதுதான் நம்ம வீடுகள்ல பண்ற தப்பு, காத்துல தூசியும் கிருமியும் கனெக்‌ஷன்ல வந்து படலாம், வேர்த்தா வேர்க்கட்டும், கனெக்‌ஷன் முடியுற வரைக்கும் ஆஃப் பண்ணுங்க. மாஸ்க், கை கழுவுறது சொல்லவே வேணாம். தண்ணி சரியா வடியலையா? டியூப் மடங்கியிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா ரெண்டு நாளா மோஷன் போகலையான்னு கேளுங்க, நிறைய பேருக்கு மலச்சிக்கல்தான் காரணமே.