சொந்தக்காரர் வீட்டில் பிள்ளை எதையாவது உடைத்துவிட்டால்

விருந்துக்குப் போன வீட்டில் பிள்ளை எதையாவது உடைத்துவிட்டால், முதலில் பிள்ளையின் காலில் காயம் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி என்றால் பிள்ளையைத் தூக்கி வேறு இடத்தில் உட்கார வையுங்கள். பெரிய சில்லுகளைப் பேப்பரால் எடுத்தபின், ஈரமான பழைய துணியால் ஒற்றினால் பொடிச் சில்லும் வந்துவிடும். அந்தத் துணியையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். எல்லார் முன்னாலும் அடிக்க வேண்டாம். அடிக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை உடைந்ததை ஒளித்து வைக்கும்.

அப்புறம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்: "மயினி, பிள்ளை கை தவறிப் போட்டுட்டான், நான் பாத்துக்கிடுதேன்." "விடு, சின்னப் பிள்ளைதானே" என்பார்கள். சரி என்று அதோடு விட்டுவிடாதீர்கள். டம்ளர், ஜாடி என்றால் சீக்கிரமே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் மெல்லிய கோரையால் நெய்யும் பட்டுப்பாய் போன்றவை வேறு. ஆச்சி, தாத்தா பேரும் கல்யாணத் தேதியும் போட்டு நெய்த பாய்க்கு, கடையில் வாங்கும் எந்தப் புதுப் பாயும் ஈடாகாது. கோரை பிரிந்திருந்தால் இழுக்காதீர்கள், இன்னும் பிரியும். ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு, பத்தமடையில் பாய் நெய்பவர்களிடமே காட்டி, சரிசெய்ய முடியுமா என்று விசாரியுங்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.