லிவிங் வில் எழுதறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

நம்மளால பேச முடியாத நிலைமை வந்தா என்ன ட்ரீட்மென்ட் வேணும், எது வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கற பேப்பர்தான் லிவிங் வில். அதுல "எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம்"னு ஒரே ஒரு வரி எழுதி கையெழுத்து போட்டு வச்சிட்டா வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கறவங்கதான் ஜாஸ்தி. ஆனா நிமோனியா வந்து நாலு நாள் அந்த மூச்சு மெஷின்ல இருந்துட்டு எழுந்து நடந்து வீட்டுக்கு போறவங்களும் இருக்காங்க, மூளையில பெரிய ரத்தக்கசிவு வந்து இனி நினைவு திரும்பறது ரொம்ப கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்ட ஆளும் அதே மெஷின்லதான் இருப்பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே பதிலா? மெஷின் பேரை அப்புறம் பாத்துக்கலாம், எப்படிப்பட்ட வாழ்க்கைன்னா உங்களுக்கு ஓகே, எதுக்கு மேல வேண்டாம்ங்கறதுதான் முதல்ல வரணும்.

இதை சொன்னா சிலர் நேரா "கௌரவமா போகணும்", "யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது"ன்னு எழுதிடுவாங்க. படிக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஐசியூ வாசல்ல நிக்கற பொண்ணு அதை வச்சு என்ன முடிவு எடுப்பா? அதுக்கு பதிலா இப்படி எழுதுங்க: "என் ஆளுங்களை எனக்கு அடையாளம் தெரிஞ்சு, அவங்க பேசறது புரிஞ்சா போதும், படுத்த படுக்கையா இருந்தாலும் டியூப்ல சாப்பாடு போனாலும் பரவால்ல, ட்ரீட்மென்ட் குடுங்க. அடையாளமே தெரியல, அது திரும்பாதுன்னு டாக்டருங்க உறுதியா சொல்லிட்டா, வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மட்டும் மருந்து குடுங்க." இது ஒருத்தரோட கோடு, உங்க கோடு வேற எடத்துல இருக்கலாம். "உயிர் இருக்கற வரைக்கும் எல்லாத்தையும் பண்ணிப் பாருங்க"ன்னு கூட எழுதலாம், வேண்டாம்னு சொல்றதுக்கு மட்டும்தான் இந்த பேப்பர்னு நெனைக்கறதும் ஒரு தப்புதான்.

சிபிஆர், அதாவது நின்ன இதயத்தை நெஞ்சை அமுக்கி ஓட வைக்கப் பாக்கற முயற்சி, இந்த விஷயத்துல டிவி நம்மள நல்லா ஏமாத்தி வச்சிருக்கு. அங்க நெஞ்சை நாலு அமுக்கு அமுக்கினா எல்லாரும் எழுந்து உக்காந்துடறாங்க. நெஜத்துல ஆஸ்பத்திரிக்குள்ளயே இதயம் நின்னவங்கள்ல கூட சுமாரா அஞ்சுல ஒருத்தர்தான் உயிரோட வீட்டுக்கு போறாங்க, வயசானவங்களுக்கு விலா எலும்பு உடையறதும் சகஜம். அதே சமயம் சிபிஆர் வேண்டாம்னு சொன்னா மத்த ட்ரீட்மென்ட் எல்லாமே நிறுத்திடுவாங்கன்னு பயப்படவும் வேண்டாம், அது இதயம் நின்ன பிறகு என்ன பண்ணணும்ங்கறதுக்கு மட்டும்தான், ஆனா குழப்பம் வராம இருக்க அதையும் ஒரு வரி எழுதிடறது நல்லது. டிமென்ஷியாங்கற ஞாபக மறதி நோய் முத்திப் போன நிலைமையில டியூப் ஃபீடிங் ஆயுசை கூட்டறதா ஆதாரம் இல்ல, கையால ஊட்டறதே மேல்னு அமெரிக்கன் ஜெரியாட்ரிக்ஸ் சொசைட்டியே சொல்லுது, இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எழுதினா எழுதறதே மாறும்.

நெறைய பேர் மறக்கற இன்னொண்ணு, நெஞ்சுக்குள்ள ஷாக் குடுக்கற ஐசிடி கருவி. மத்த எல்லாத்தையும் நிறுத்தின பிறகும், கடைசி மணி நேரத்துல துடிப்பு தாறுமாறா போனா அது பாட்டுக்கு ஷாக் அடிச்சுட்டே இருக்கலாம். ஆபரேஷன் எதுவும் தேவையில்ல, வெளிய இருந்தே அந்த ஷாக்கை மட்டும் ஆஃப் பண்ணிடலாம், எப்ப ஆஃப் பண்ணணும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே பேசி எழுதி வைங்க.

"பண்ணு", "பண்ணாதே"ன்னு ரெண்டே ரெண்டு வழிதான்னு நெனைக்காதீங்க, நடுவுல ஒரு வழி இருக்கு. "பத்து நாள் மெஷின்ல வச்சுப் பாருங்க, முன்னேற்றம் இல்லன்னா எடுத்துடுங்க"ன்னு எழுதலாம். ஆரம்பிச்சதை நிறுத்தறதுதான் வீட்டு ஆளுங்களுக்கு ரொம்ப கஷ்டம், நாமளே கொன்னுட்டோமோன்னு வருஷக்கணக்கா மனசுல வச்சு அழுவாங்க, அந்த பாரத்தை உங்க கையெழுத்தாலதான் இறக்க முடியும்.

"எங்க வீட்டுக்காரருக்கு என் மனசு தெரியும், எதுக்கு பேசணும்?" இதுதான் எனக்கு கேக்கவே எரிச்சலா இருக்கற பேச்சு. 2006ல 16 ஆய்வுகளை ஒண்ணா சேத்து பாத்தாங்க, நோயாளி என்ன கேட்டிருப்பாருன்னு அவருக்கு பதிலா முடிவு எடுக்கறவங்க சரியா சொன்னது 68 சதவீதம்தான், அதாவது மூணுல ஒரு தடவை தப்பு. பாசம் ஜாஸ்தி உள்ளவரையோ மூத்த பிள்ளையையோ உங்களுக்கு பதிலா முடிவு எடுக்கற பிரதிநிதியா போடறதை விட, அழுதுகிட்டே ஆனாலும் "அப்பா இதைத்தான் கேட்டாரு"ன்னு நின்னு பேசறவரை போடுங்க. பல வருஷமா எட்டிப் பாக்காத சொந்தம் ஒண்ணு கடைசி நேரத்துல வந்து சண்டை போடும், அதனால பிரதிநிதி சொல்றதுதான் முடிவுன்னு எழுதிடுங்க. எதிர்பாராத நிலைமை வந்தா எழுதினதுல இருந்து அவர் விலகலாமா கூடாதாங்கறதையும் சொல்லிடுங்க.

எழுதி முடிச்சு லாக்கர்ல வச்சு பூட்டிடாதீங்க, அவசரத்துல சாவி யார்கிட்டன்னு தேடிட்டு இருக்க முடியாது. பிரதிநிதிகிட்ட ஒரு காப்பி, டாக்டர்கிட்ட ஒரு காப்பி, போன்ல ஒரு போட்டோ. சாட்சி எத்தனை, யார் முன்னாடி கையெழுத்துங்கறது நாட்டுக்கு நாடு மாறும், அதை விசாரிச்சுக்கோங்க. வீல்சேர் வாழ்க்கையே வேண்டாம்னு சொன்ன ஆளு அதுல உக்காந்த பிறகு சந்தோஷமா இருக்கறதும் நடக்கும், அதனால பெரிய நோய் ஏதாவது வந்தா எடுத்துப் படிச்சுப் பாத்து மாத்துங்க, மாத்தினா தேதி போட்டு பழைய காப்பி எல்லாத்தையும் வாங்கி கிழிச்சுடுங்க.