போர் ஆவணப்படத்துக்கு விமர்சனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் போர் ஆவணப்படம் திரையிட்டால், விளக்குப் போட்டதும் முதல் கேள்வி இதுதான்: “படம் ராணுவத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா?” விமர்சனம் எழுதுகிறவர்களும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

‘ரெஸ்ட்ரெப்போ’ (2010) படத்தையே எடுத்துக்கொள்வோம். ஆப்கானிஸ்தானின் கோரங்கல் பள்ளத்தாக்கில் 2007-08இல் இருந்த அமெரிக்க வீரர்களோடு தங்கி, டிம் ஹெதரிங்டனும் செபாஸ்டியன் யுங்கரும் எடுத்தது. அங்கே கொல்லப்பட்ட ராணுவ மருத்துவ உதவியாளர் ஒருவரின் பெயரைக் காவலரணுக்கு வைத்தார்கள். படத்துக்கும் அதுவே பெயர். பின்னணிக் குரல் இல்லை, தளபதிகளின் பேட்டி இல்லை. உடனே “இதில் அரசியலே இல்லை” என்று எழுதினார்கள். இன்றும் எழுதுகிறார்கள்.

அப்படி எழுதுமுன் மாட்டுக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். முள்கம்பியில் சிக்கிய ஒரு மாட்டை வீரர்கள் கொன்றுவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து பணம் கேட்கிறார்கள். பணம் தர முடியாது, மாட்டின் எடைக்கு அரிசி, பயறு, சர்க்கரை தருகிறோம் என்று பதில் வருகிறது. கஜா புயலில் மாட்டைப் பறிகொடுத்து நிவாரணத்துக்கு அலைந்த வேதாரண்யத்துக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கறவை மாட்டுக்கு விலை எடையில் இல்லை. ஊர் மனதை வெல்ல வந்த ராணுவம் எங்கே கோட்டை விட்டது என்பது அந்தச் சில நிமிடங்களிலேயே தெரிகிறது. இதைவிட என்ன அரசியல் வேண்டும்?

நேர் எதிரான தவறும் உண்டு. குண்டு பாயும் இடத்திலேயே கேமரா இருந்தது, அதனால் எல்லாம் உண்மை என்று நம்பிவிடுவது. எடுத்தவர்கள் வீரர்களோடு உண்டு, உறங்கி, அவர்களின் பாதுகாப்பில் இருந்தவர்கள். பெரியவர்களின் பேச்சுகூட மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் வருகிறது; அவர்கள் வீட்டுக்குள் கேமரா தங்கவில்லை. வீரர்களின் நெருக்கமான பேட்டிகளோ, பணி முடிந்து அவர்களின் படைத்தளம் இருந்த இத்தாலிக்குத் திரும்பிய பிறகு எடுத்தவை. யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று தெரிந்த பிறகு பேசும் முகங்கள் அவை. அதைக் களத்தில் கேட்ட வாக்குமூலம் போல எழுதக் கூடாது.

அப்புறம், ஹெதரிங்டன் 2011இல் லிபியாவின் மிஸ்ரட்டாவில் கொல்லப்பட்டார். அந்தத் துக்கத்துக்காகப் படத்துக்கு மதிப்பெண் கூட்டாதீர்கள்.

படத்தொகுப்பு, நிறம், இசை பற்றி நம்மில் பலர் ஒரு வரிகூட எழுதுவதில்லை. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் டேனிஷ் வீரர்களைப் பற்றி எடுத்த ‘ஆர்மடில்லோ’ (2010) நிறத்திலும் இசையிலும் கதைப்படம் மாதிரியே இருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு சண்டைக் காட்சியை ஒலியை அணைத்துப் பாருங்கள். பதற்றத்தில் எவ்வளவு துப்பாக்கியால் வந்தது, எவ்வளவு இசையால் வந்தது என்று பிரித்து எழுத முடியும்.